பக்கத்து ஆசனம்

அரசாங்கக் கணக்கு இலாகாவில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்து, அந்த 34 வருஷத்திலும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையைத் தவிர வேறு மையைக் காணாமலே ஓய்வு பெற்ற நான், நேரம் தவறாமைக்கென்றே நடத்தப்படும் ஒரு போட்டியில், அதுவும் மோட்டார்ப் போட்டியில், பிரவேசித்தேன் என்று சொன்னால், என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நம்புகிறவர்கள் என்னை அறியாதவர்கள்.

இதற்கு மூலகாரணம் என் மைத்துனர். அவரிடம் 1952ஆம் வருஷத்து எம்.ஜி. டி.டி. வண்டி ஒன்று இருக்கிறது. 1,250 சி.சி. இயந்திரம், இரண்டே இரண்டு ஆசனம், முழங்கைக்கு இடம் விட்டுக் குழிவாக வெட்டிய கதவு, முன் கண்ணாடியைப் படுக்கவைத்துவிட்டால் வழியிலுள்ள பூச்சிபுழுக்களெல்லாம் நேரே நம் முகத்துக்கே வந்து க்ஷேமம் விசாரிக்கும்படியான ஏற்பாடு. ஒன்பது வருஷமாக அதை மனிதர் துடைத்துக்கொண்டே இருந்தாரேயொழிய, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரை வரைக்கும் போய்வருவதைத் தவிர வேறு பிரயாணம் எதற்கும் அதை உபயோகித்தவரல்லர். அப்படிப்பட்டவர் ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்து, பழைய வண்டிகளும் புதிய ஸ்போர்ட்ஸ் கார்களுமாகச் சென்னையிலிருந்து உதகமண்டலம் வரையில் இரண்டு நாள் ராலி ஒன்று நடக்கப்போவதாகவும், தாம் பெயர் கொடுத்துவிட்டதாகவும் தெரிவித்து, “அத்தான், பக்கத்திலே உட்கார்ந்து வழி சொல்ல ஒருவர் வேண்டும். கணக்குத் தெரிந்தவராக இருந்தால் விசேஷம்” என்றார். கணக்குத் தெரிந்தவர் என்று என்னைச் சொன்ன முதல் மனிதர் அவர். என் மேலதிகாரிகள் ஒருவரும் அந்தத் தவற்றைச் செய்ததில்லை. ஆகையால் உடனே சம்மதித்தேன்.

ராலி என்றால் வேகம் என்பதுதான் அதுவரையில் என் அபிப்பிராயம். 1955இல் இத்தாலியில் நடந்த மில்லே மில்லியா பந்தயத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். ப்ரெஷ்ஷியாவிலிருந்து ரோமாபுரிக்குப் போய் மறுபடியும் ப்ரெஷ்ஷியாவுக்கே திரும்பும் ஆயிரம் மைல் பொதுச் சாலையை ஸ்டர்லிங் மாஸ் என்ற ஆங்கிலேயர் 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் ஓட்டி முடித்தார். ஆனால் என் பக்தி மாஸிடம் அல்ல; அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெனிஸ் ஜென்கின்ஸன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளரிடந்தான். சாலையின் வளைவு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்து, சுமார் 18 அடி நீளக் காகிதச் சுருளாக ஒரு பெட்டிக்குள் அடக்கி, அதைத் திருகித் திருகிப் படித்தபடி, இயந்திரத்தின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாதாகையால் கைச்சைகையாலேயே அந்த மகானுபாவர் வழி காட்டினார். நடுவழியில் வாந்தியெடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட, கையோடு கொண்டுவந்திருந்த மாற்றுக் கண்ணாடியை அணிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். நானும் ஒரு மாற்றுக் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். ஜென்கின்ஸனிடமிருந்து நான் கற்றுக்கொண்ட வித்தை முழுவதும் அதோடு சரி.

புறப்படுகிற தினம் விடியற்காலையில் வழிப்புத்தகத்தைக் கையில் கொடுத்து விதிகளை விளக்கியபோதுதான் என் அபிப்பிராயம் தலைகீழாயிற்று. இந்த ஓட்டத்தில் முந்துகிறவனுக்குப் பரிசு கிடையாது, அபராதம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வேகம் இன்னதென்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தக் கணக்குப்படி எந்த நிமிஷத்தில் சோதனை மேஜைக்கு வரவேண்டுமோ அந்த நிமிஷத்தில் வரவேண்டும். மேஜை எங்கே இருக்கிறதென்பது பரம ரகசியம். ஒரு நிமிஷம் தாமதித்தால் ஒரு புள்ளி போகும். ஒரு நிமிஷம் முந்தினால் இரண்டு புள்ளி. மணிக்கு 250 கிலோமீட்டர் பாயக்கூடிய சிவப்பும் மஞ்சளுமான ஜெர்மானிய, இத்தாலிய வண்டிகளெல்லாம், பட்டத்து யானைகளைப் பால்குட ஊர்வலத்தின் பின்னால் நடக்கவிட்டாற்போல, 36 கிலோமீட்டர் வேகத்தில் உறுமிக்கொண்டு ஊர்ந்து போன காட்சியைக் காலைநடைக்கு வந்த பெரியவர்கள் மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

வழிப்புத்தகத்தின் படங்களுக்கு டூலிப் என்று பெயர். ஒல்லாந்து தேசத்தில் அந்தப் புஷ்பத்தின் பெயரால் நடக்கும் ராலியில் முதலில் வழக்கத்துக்கு வந்ததால் அப்பெயர் ஏற்பட்டதாம். அடியில் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளம்பும் கோடு, நுனியில் ஓர் அம்பு. புள்ளியில் நாம் இருக்கிறோம். அம்பு காட்டும் திசையில் நாம் போகவேண்டும். எனக்கென்னவோ அது முளைவிட்ட புளியங்கொட்டையைப் போலவே தோன்றிற்று.

முதற்கட்டம் செங்கற்பட்டுக்கு அப்பால் ஆரம்பமாயிற்று. புத்தகத்தில் 36 என்று இருந்தது. நான் “முப்பத்தாறு” என்றேன். மைத்துனர் முள்ளை முப்பத்தாறில் நிறுத்தி, ஒரு நூலிழைகூட அசையவிடாமல் ஓட்டினார். இருவரும் எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே போனோம். இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டியின் முள் மைல்கணக்கில் பேசுகிறதென்பதும், ஆகவே நாங்கள் மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறோமென்பதும், மதுராந்தகத்து ஏரிக்கரையோரத்தில் இட்டிலிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சோதனைக்காரப் பிள்ளை எங்களைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து, சட்டினிக் கையோடு கடிகாரத்தைத் தேடியபோதுதான் தெரிந்தது. 16 நிமிஷம் முன்னதாக வந்துவிட்டோம். 32 புள்ளி அபராதம். ஆயுளில் முதன்முதலாக ஓரிடத்துக்கு நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த எனக்குக் கிடைத்த மரியாதை இது.

மைத்துனர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் மனிதனுக்குக் கோபம் வந்தாலும் காப்பி வேண்டுமல்லவா? திண்டிவனத்துக்கு அருகில் பித்தளை டபராவில் காப்பி கொடுக்கும் கடை ஒன்றில் நின்றோம். 1907இல் பீகிங்கிலிருந்து பாரிஸுக்கு நடந்த மோட்டார்ப் பந்தயத்தில், போர்கேஸே என்ற இத்தாலியப் பிரபு ஒரு விருந்துக்காக மாஸ்கோவிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குச் சுற்றிப்போய்விட்டு வந்தும், அடுத்தவரை 20 நாள் முந்திப் பாரிஸை அடைந்தாரென்ற சரித்திரத்தை எடுத்துச் சொல்லி, இரண்டாவது டபராவுக்கும் நானே உத்தரவு கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் நாங்கள் 11 நிமிஷம் தாமதம், 11 புள்ளி. முந்துவதற்கு இரட்டை அபராதம், பிந்துவதற்கு ஒற்றை அபராதம் என்ற விதியை யோசிக்க யோசிக்க, என் வாழ்நாள் பழக்கம் சாஸ்திர சம்மதமானதுதான் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

விழுப்புரம் தாண்டியதும் எதிர்ப்பலகையில் சின்னஞ்சிறு விளக்கு ஒன்று பச்சையாக எரிய ஆரம்பித்தது. பச்சை என்றால் சுபம். ரயிலுக்கும் பச்சை காட்டினால்தான் பயணம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று வண்டியே வாய்திறந்து சொல்வதாக நான் நினைத்து, உளுந்தூர்பேட்டையில் மேற்கே திரும்பிக் கள்ளக்குறிச்சியைக் கடக்கும் வரையில் அதைப் பார்த்துப் பார்த்து மனச்சாந்தி அடைந்துகொண்டு வந்தேன். அந்த வண்டியில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளே கிடையாதென்பதையும், தொட்டியில் இரண்டரை காலனுக்குமேல் இல்லையென்று எச்சரிக்கவே அந்தப் பச்சை விளக்கு என்பதையும், மைத்துனர் பேச்சை நிறுத்தியிருந்தபடியால் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பக்கத்து விளக்கு அவர் கண்ணில் படவுமில்லை. பாரம் குறைந்தால் வண்டி லகுவாக ஓடுமென்று அவர் பாதித் தொட்டிதான் நிரப்பியிருந்தார்.

சின்னசேலத்துக்கு அப்பால் ஒரு மஞ்சள் வண்டிக்காரர் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனதில் ரோஷம் கொண்டு, மைத்துனர் விரட்டினார். அந்தக் கட்டத்தில் ஏழு நிமிஷம் முன்னதாகப் போய்க்கொண்டிருக்கிறோமென்று என் கணக்குச் சொல்லிற்று. ஆனால் பேசாத மனிதரிடம் எப்படிச் சொல்வது? அப்போது பெட்ரோல் பம்பு, காற்றை விழுங்கும் பம்புகளுக்கே உரிய பதற்றத்தோடு, டிக்டிக்டிக் என்று அடித்துக்கொண்டது, வண்டி இரண்டு தரம் குலுங்கிற்று, நின்றது. ஊர் பெயர் தலைவாசல். வாசல் வரைக்கும் வந்தும் உள்ளே போகக் கொடுத்துவைக்கவில்லை.

குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் ஒன்று நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் வண்டியை ஒருமுறை வலம் வந்து, “இது லிட்டருக்கு எத்தனைங்க குடுக்கும்?” என்று கேட்டார். இந்தத் தேசத்தில் புஷ்பக விமானமே வந்து இறங்கினாலும் முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பிறகு, “நீங்க ஏறி உக்காருங்க, நாங்க தள்ளறோம்” என்றார். மைத்துனர் சக்கரத்தைப் பிடிக்க, நான் கடிகாரத்தைப் பிடிக்க, பரோபகாரிகள் நால்வரும் தள்ளினார்கள். வண்டி தன் சக்கரங்களில் உருண்டு வரவேண்டுமென்றுதான் விதியே தவிர, எதனால் உருள வேண்டுமென்று விதியில் இல்லை.

ஒரு வளைவு திரும்பியதும், புளியமரத்தடியில் மேஜை. சோதனைக்காரர் தம் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு விநாடிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அபராதம் பூஜ்யம். முந்தி வந்த ஏழு நிமிஷத்தையும் நின்றும் உருண்டும் சரியாகச் செலவழித்திருந்தோம். நால்வரில் இளைஞன் ஒருவன் மொபெட்டில் போய் ஐந்து லிட்டர் பெட்ரோல் வாங்கிவந்தான். அந்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. ஒவ்வொருவரும் ஆசனத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டதோடு திருப்தியடைந்தார்கள்.

சேலத்தில் இரவு தங்கி மறுநாள் மேட்டுப்பாளையம் வந்தோம். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள். ஒன்பதாவதில் ரேடியேட்டர் கொதித்து நின்று, சுற்றுலாப் பேருந்துகளுக்கெல்லாம் காட்சிப்பொருளானோம். பர்லியாறில் குரங்கு ஒன்று என் மடியிலிருந்த வழிப்புத்தகத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அதன் பிறகு நாங்கள் வழி தவறவே இல்லை.

உதகையில் பரிசளிப்பு விழா. மொத்தப் புள்ளியில் நாங்கள் கடைசிக்கு முந்தினவர்கள். ஆனால், ஒரு கட்டத்தை விநாடி பிசகாமல் கடந்த ஒரே வண்டி என்று எங்களுக்கு ஒரு சிறு வெள்ளிக் கோப்பையைத் தந்து, வழிகாட்டும் கலையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசும்படி என்னை அழைத்தார்கள். பதின்மூன்று நிமிஷம் பேசினேன். தலைவாசலைப் பற்றி மட்டும் பிரஸ்தாபிக்கவில்லை.

கோப்பையை வீட்டில் கூடத்து அலமாரியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். மைத்துனர் அதற்குள் தம் தமக்கையிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அவள் கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்த நாலு பேரும் நீங்கள் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே நம் தெருப்பக்கம் வந்திருக்கக் கூடாதா?” என்றாள்.