அயல்மொழித் துறை, முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் அயல்மொழி படிக்கத் துறை கிடையாது. கப்பல் இருந்தது. செட்டியார் வீடுகளில் மீசை முளைக்காத பையன்களைக் 'கொண்டுவிக்க' அனுப்பினார்கள். ரங்கூன் மொகல் தெருவிலோ, பினாங்கிலோ, சைகோனிலோ ஒரு லேவாதேவிக் கடையில் அவன் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தான். சம்பளச் சீட்டு மூன்று வருஷத்துக்கு. படிப்புக்கும் அதுவே கெடு. இலக்கணம் முதல் மாதத்திலேயே முடிந்துவிடும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது திருப்பித் தருவாய். இதற்கு மேலும் ஒரு மொழியில் விஷயம் இருக்கிறது என்று மேலாட்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. தேர்வு என்றால் வசூல். தேறாதவன் ஊருக்குக் கப்பல் ஏறினான்.

எங்கள் ஐயா செட்டியாரில்லை; செட்டியார் கடையில் சமையல்காரர். முதலாளிக்குத் தெரிந்த பர்மிய மொழி அசலும் வட்டியும். ஐயாவுக்குத் தெரிந்தது கத்தரிக்காய், கீரை, தண்ணீர்க்காரி, பக்கத்து வீட்டுச் சண்டை. இரண்டில் எது மேற்படிப்பு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஊர் திரும்பிப் பல வருஷம் ஆன பிறகும் கோபம் வந்தால் அவர் வாயில் முதலில் வருவது பர்மியம்தான். அப்பத்தா அதற்கு அர்த்தம் கேட்டதே இல்லை. "யாரையோ வையுறாக, நம்மளை இல்ல" என்று வெற்றிலையை மடிப்பார்.

இந்தப் படிப்பை நினைத்து இன்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கோஷ்டியில் சேரமாட்டேன். கடைக்காரர்கள் பர்மியத்தை நன்றாகவே கற்றார்கள். 1930-ஐ ஒட்டி உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் பத்திரங்கள் நிலப் பத்திரங்கள் ஆயின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் 25 சதவீதம். அத்தனை பாடம் படித்தவர்களுக்கும், நிலத்தை இழந்த சம்சாரி தங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறான் என்பது மட்டும் பாடத்திட்டத்துக்கு வெளியே போய்விட்டது. 1942-இல் ஜப்பானியர் நுழைந்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்தார்கள். ஐயாவும் நடந்தார். வழியில் கிராமங்களில் அவருக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது சந்தையில் கற்ற பர்மியம். வட்டிப் பர்மியம் பேசியவர்கள் வாயைத் திறக்காமல் வந்ததாகச் சொல்வார்.

ஊருக்குக் கல்லூரி வந்த கதை வேறு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவர், லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்து, விமானம் ஓட்டவும் கற்றவர். 1947-இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கினார். மறு வருஷம் நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் அழகப்பர் கொடுத்தது. 1957-இல் அவர் காலமாகி நெடுநாள் கழித்து, 1985-இல், அவர் பெயரில் பல்கலைக்கழகம். இன்று அங்கே ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் துறை இருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் ஐயாவை ஒரு கௌரவப் பேராசிரியராகவாவது போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். களப்பணி அனுபவம் இருக்கிறது. நெட் தேர்வு எழுதவில்லை, அவ்வளவுதானே.

நான் ஆங்கில எம்.ஏ. படித்தது எண்பதுகளின் கடைசியில், வேறொரு ஊரில். இங்கிலாந்தில் எந்தக் கவிஞர் எந்த ஏரிக்கரையில் நடந்தார் என்பதை நாங்கள் எங்கள் ஊருணிக்கரையில் நடந்து மனப்பாடம் செய்தோம். பிறகு உலகம் விரிந்தது. நைஜீரியா வந்தது, கரீபியன் தீவுகள் வந்தன, புலம்பெயர் இலக்கியம் என்று ஒரு தாள் வந்தது. 2000-இல் அமிதாவ் கோஷின் 'த கிளாஸ் பேலஸ்' வந்தது. 1885-இல் பிரிட்டிஷ் படை மாந்தலேயைப் பிடிப்பதில் தொடங்குகிற நாவல். 1942-இன் நடையும் அதில் உண்டு. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து வளர்ந்த பிள்ளைகள், வங்காளி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துத்தான் பர்மாவை மேற்கோள் காட்டினார்கள். குற்றமில்லை, நல்ல நாவல். ஆனால் நம் சிங்கம்புணரியில் பிறந்து சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்த ப. சிங்காரம் 1972-லேயே 'புயலிலே ஒரு தோணி'யை அச்சில் கொடுத்திருந்தார். பாவம், தமிழில் எழுதிவிட்டார். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அது தங்கள் எல்லைக்குள் வராத சரக்கு. தமிழ் படித்தவர்களுக்கோ அதில் மலாய் கொஞ்சம் தூக்கல்.

எம்.ஏ.வைத் தாண்டி ஆய்வுக்குப் போனால், அதற்கும் இப்போது எடைக்கல் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஓர் ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. ஐயா ரங்கூனில் பேசியது முழுக்க அடுத்தவர் வாயிலிருந்து எடுத்தது, நூற்றுக்கு நூறு. மென்பொருளில் போட்டால் ஆளே தேறமாட்டார்.

இதற்கு நடுவில், தமிழையே அயல்மொழியாகப் படிக்கிறவர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய கையால் புத்தகம் சேர்த்தார். நாவல், வைத்திய நூல், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. அவர் 1992-இல் காலமானார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிலைக்க வழிசெய்தது. "பழைய பேப்பருக்கு அமெரிக்காக்காரன் வெலை குடுத்துட்டான்" என்று டீக்கடையில் ஒருவர் வியந்தார். மறுநாள் முதல் எங்கள் தெருவில் பழைய பேப்பர்க்காரருக்கு யாரும் எதையும் லேசில் போடவில்லை. நாலைந்து மாதம் பார்த்துவிட்டு, அமெரிக்கா வராததால் எடைக்குப் போட்டார்கள்.

இப்போது மொழியை நம்பர் போட்டு நிறுக்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ-1 முதல் சி-2 வரை, ஜப்பானியத்துக்கு என்-5 முதல் என்-1 வரை. என் அண்ணன் பேத்தி நர்சிங் முடித்தவள். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெற பி-2 வேண்டுமாம். விடிவதற்கு முன் மொட்டை மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு ஆன்லைன் வகுப்பு, தேர்வு என்றால் பல்லவன் ரயிலில் சென்னை. ஜெர்மன் கவிஞர் கதே பெயரில் இருக்கிற நிறுவனத்தில் தேர்வு எழுதுகிறாளே என்று, "கதே எப்படி?" என்று கேட்டேன். "யாரு தாத்தா அது? சிலபஸ்ல இல்லியே" என்றாள். அவளுக்கு வேண்டியது வேறு: எங்கே வலிக்கிறது, எவ்வளவு நாளாக, மாத்திரை எப்போது சாப்பிட்டீர்கள். பெட்டியடிப் பையனின் இலக்கணம் மாதிரிதான், வசூல் மட்டும் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புகிற இடத்தில் அதுவும் வந்துவிடும்.

போன மாசம் அவளை முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிப்போனேன். செட்டிநாட்டு வீடுகள் கழித்துவிட்ட சாமான்கள் குவியும் பழம்பொருள் கடைத் தெரு. மங்குப் பாத்திரம், பர்மா அரக்குப் பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பெயர் தெரியாத தாத்தாக்களின் போட்டோ. வீடு பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் எட்டாவதோடு நின்றவர். பிரெஞ்சில் விலை சொல்வார், இத்தாலியனில் குறைப்பார், ஜெர்மனில் முடியாது என்பார்.

அன்று ஒரு ஜெர்மன் தம்பதி அரக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசிப் பழகட்டும் என்று இவளை முன்னால் தள்ளினேன். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி அந்த மொழியில் ஆண்பாலா, பெண்பாலா, ரெண்டும் இல்லாததா என்பது நினைவுக்கு வரவில்லை. அதற்குள் கடைக்காரர் ரெண்டு விரலைக் காட்டி, ஒரு வார்த்தை சொல்லி, தலையை ஆட்டி, பெட்டியைத் தினத்தந்தியில் சுற்றிவிட்டார்.

பணத்தை எண்ணிக்கொண்டே இவளிடம் சொன்னார்: "பாப்பா, சாமான்ல போயி ஆம்பளை பொம்பளை பாக்காத. வெலையைச் சொல்லு."

"பரீட்சைல மார்க் போயிரும் அண்ணே" என்றாள் இவள்.

"போனா போகுது. பாஸ் பண்ணிட்டு வா, கடையில உக்காத்தி வைக்கிறேன். மூணு வருஷத்துக்குச் சீட்டு எழுதிக்கிருவோம்."