சமக்குறி போட்டால் கல்யாணம்!

மானிடவியல் துறையில் வருஷம் முழுக்க எலும்பு எண்ணிக்கொண்டிருப்பார்களாமே?

மொத்தமே 206 எலும்புதான், அதற்கு எதற்கு ஒரு வருஷம்? அது முடிந்ததும் நோட்டும் கையுமாக ஏதாவதொரு கிராமத்துத் திண்ணை. பாட்டி உறவுமுறை சொல்லச் சொல்ல மாணவி வரைகிறாள்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், நடுவே சமக்குறி போட்டால் கல்யாணம். தாளில் இருக்கும் அந்தச் சமம் வீட்டில் இருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கிறது.

மானிடவியலில் பட்டம் வாங்காதவர் அந்தத் துறையில் பாடம் நடத்தலாமா?

நடத்தினாரே! 1920-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் இந்தத் துறையைத் தொடங்கியபோது அங்கே போய்ப் பாடம் சொன்னவர் பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். வாத்தியார் வேலை பார்த்தபடியே கொச்சியின் குடிகளைப் பற்றி எழுதியவர். அவர் படிக்கிற காலத்தில் இங்கே துறை ஏது?

தலையை அளந்து புத்தியைச் சொல்ல முடியுமா?

முடியாது என்று காட்டவே அளந்தார்கள்! 1920-களில் கொலம்பியா பல்கலைக்கழக மானிடவியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி சோரா நீல் ஹர்ஸ்டன், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, காலிப்பரால் தலையை அளந்தார். கறுப்பினத்தவருக்கு அறிவு மட்டு என்ற பொய்யை உடைக்கத்தான் அந்த அளவு.