விடுப்பைக் காத்த வள்ளல்

சார், உங்களைப் போல விடுப்பைப் பொத்திக் காப்பவர் யாருமில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே ஆண்டுக்கு 12 நாள் சிக் லீவ், 12 நாள் கேஷுவல் லீவ், ஓராண்டு உழைத்தவருக்கு மேலும் 12 நாள் சம்பளத்தோடு ஓய்வு என்று அள்ளிக் கொடுத்துவிட்டது. அரசு கொடுத்ததை ஒரு நாள்கூடச் சிந்தவிடாமல் டிசம்பர் 31 வரை கொண்டுசேர்ப்பது நீங்கள்தான். உங்கள் டீமில் சிக் லீவ் இன்னும் புத்தம்புதிதாக இருக்கிறது.

நோயறிவதில் நீங்கள் மருத்துவரையும் மிஞ்சியவர். எந்த நோய்க்கு விடுப்பு என்று அந்தச் சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. மனநோயையும் உடல்நோயையும் சிகிச்சையில் சமமாக நடத்த வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நாடாளுமன்றம் காணாத வேறுபாட்டை நீங்கள் கண்டீர்கள். பல நாளாகத் தூக்கமில்லை, லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு பெண் வந்து நின்றபோது, "எல்லாருக்கும் இருக்கறதுதானம்மா, ரிலீஸ் முடியட்டும்" என்று ஒரே வரியில் குணமாக்கி அனுப்பினீர்கள். அவர் கேட்டது இரண்டு நாள்தான். தூங்குவதற்கு.

அன்றுமுதல் டீமில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை; எல்லாருக்கும் காய்ச்சல்தான். மனம் நொறுங்கிய காலையிலும் "ஃபீவர் சார்" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டு, மறுநாள் வந்து இருமிக் காட்டுகிறார்கள். உண்மை பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இத்தனை நடிப்பைச் சம்பளம் கொடுத்துக் கற்பித்த பெருந்தன்மையை என்னென்பது!

விடுப்பு கொடுத்த பிறகும் நீங்கள் கைவிடுவதில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போனவனையும் "ஒரே ஒரு கால்தான்பா" என்று தேடிப்பிடித்தீர்கள். பானை பொங்கும்போது அவன் சிக்னல் தேடி வரப்பில் நின்றான். பெற்ற தாயே அன்று அவனை அவ்வளவு நேரம் தேடவில்லை.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பெண்ணின் இரண்டு நாளை அதில் சேரவிடாமல் மிச்சம்பிடித்தீர்கள். அடுத்த மாதம் அவர் ராஜினாமா கொடுத்தார்.

பிரிவுபசார விழாவில் கேக் வெட்டி, "இவங்க ஒரு நாள்கூட லீவ் போட்டதில்லை" என்று மனதாரப் புகழ்ந்தீர்கள். நோட்டீஸ் பீரியடில் லீவ் கிடையாது என்ற விதியை அதுவரை தளர்த்தவும் இல்லை.