ப்ரூனோ அப்பா

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போய், நசரத்பேட்டையைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் இறங்கி, ஒரு காலத்தில் நெல் விளைந்து இப்போது மனைப்பிரிவுகள் விளைந்துகொண்டிருக்கும் தெருக்களுள் ஏதேனும் ஒன்றில் நுழைந்து, எதிர்ப்பட்டவரை நிறுத்தி, “ப்ரூனோ அப்பா வீடு எது?” என்று விசாரித்தால், எந்தத் தெருவானாலும் ஒரு வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். பிராணியின் பெயர் இடத்துக்கு இடம் ராக்கி என்றும் சீசர் என்றும் மாறலாமேயன்றி, அதன் தகப்பனார் ஸ்தானத்தை வகிக்கும் ஆசாமி மாறுவதில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் ஆணிக்கும் திருகுக்கும் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில் இருப்பவன். ஆசைப்பட்டு லாப்ரடார் குட்டியை வாங்கி வந்தவன் அந்தப் பிள்ளைதான் என்றாலும், வளர்க்கும் பொறுப்பு மட்டும், நம் தேசத்து வழக்கப்படி, தகப்பனார் தலையில் விடிந்தது. “இந்தச் சனியனை வீட்டுக்குள்ள யார் விட்டது?” என்று முதல் மாதம் கர்ஜித்த மனிதர், நான்காம் மாதம் தெருமுனையில் என்னை வழிமறித்து, முகமெல்லாம் விசாரமாக, “குழந்தை காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல சார்” என்று சொன்னபோது, யாருடைய பேரக் குழந்தையோ என்று நானும் பதறித்தான் போனேன்.

ஆகாரத்தைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. லாப்ரடார் ஜாதி நாய் சோறு, ரொட்டி, செருப்பு, செய்தித்தாள் என்ற பேதம் பாராட்டாத சமரச ஞானி. அவருடைய சித்தத்தை அல்லும் பகலும் அரிப்பது ஜலம் ஒன்றே. இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை; ஊரின் ராசி அப்படி. நிறைந்தால் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய ஏரியின் கரையில் குடியிருப்பவர்கள், மற்ற ஊர்க்காரர்கள் தங்கம் விலை பார்ப்பதுபோல, காலையில் பத்திரிகை வந்ததும் நீர்மட்டம் பார்க்கிறார்கள். 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட உபரி நீர் அடையாற்றில் இறங்கிச் சென்னையை மூழ்கடித்த செய்தியும், 2019 கோடையில் அதே ஏரி வெடித்த சேறாகக் கிடந்து, நகரத்தார் குடங்களோடு லாரிக்குக் காத்துக்கிடந்த காட்சியும் அவர்கள் மனத்தை விட்டு அகலவில்லை. குறைந்தாலும் பயம், நிறைந்தாலும் பயம் என்ற பூமியில் வாழும் ஒரு முன்னாள் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவிடம் ஒரு கிண்ணத்தையும் ஒரு நாயையும் கொடுத்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்திருக்கிறது.

அவரிடம் ஒரு நோட்டுப்புத்தகம் உண்டு. வரத்து, இருப்பு, வெளியேற்றம் என்று பத்திரிகையில் ஏரிக்குப் போடும் அதே தலைப்புகளை ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துப் போட்டு, காலை ஆறு மணிக்குக் கிண்ணத்தில் ஊற்றியது இவ்வளவு, பத்து மணிக்கு மீதி இவ்வளவு, ஆகையால் ப்ரூனோவின் வயிற்றுக்குள் போனது இவ்வளவு என்று மில்லி லிட்டர் சுத்தமாக எழுதி வருகிறார். வெளியேற்றப் பத்தியில் மின்கம்பங்களின் எண்கள் கண்டிருக்கும். இந்த மகத்தான நிர்வாகத்தில் அவருக்குத் தீராத தலைவலி, சேதாரம். நாய் நாக்கை முன்புறம் அல்ல, பின்புறமாக, மோவாய்ப் பக்கம் வளைத்துக் கரண்டிபோல் நீரில் விடுகிறது. பார்த்தால் அந்தக் கரண்டியில் மொண்டு குடிப்பதாகத் தோன்றும். 2011-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நாய் தண்ணீர் குடிப்பதை எக்ஸ்ரேயில் படம் பிடித்து ஆராய்ந்து, கரண்டியில் மொண்டது பெரும்பாலும் கீழே சிந்திவிடுகிறது என்றும், நாக்கு மேலே எழும்போது அதன் பரப்பில் ஒட்டிக்கொண்டு தூண்போல எழும் நீரைத்தான் நாய் வாயை மூடிக் கவ்விக்கொள்கிறது என்றும் கண்டார்கள். அவர்களுடைய ஆராய்ச்சியின் பலனாக ஜீவராசிகளின் ஞானம் எவ்வளவு விருத்தியடைந்ததோ தெரியாது. நம்மவர் நோட்டில் ‘தரை இழப்பு’ என்று ஒரு பத்தி கூடிற்று. அதை அளப்பதற்காகக் கிண்ணத்தின் அடியில் பழைய வேட்டித் துண்டை விரித்து, நனைந்ததும் பிழிந்து, பிழிந்ததை அவுன்ஸ் கிளாஸில் பிடித்து, கண்ணுக்கு நேரே தூக்கி அளவு பார்க்கும்போது, அவர் முகத்தில் ஒரு ரசவாதியின் தேஜஸ் வீசும்.

விருந்தாளி வந்தால் பரீட்சை ஆரம்பமாகும். காப்பி வருவதற்கு முன்பே ப்ரூனோவை அழைத்து, பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து விடுவார். தோல் சட்டென்று பழைய இடத்தில் படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. கூடாரம்போல் நின்று மெதுவாக இறங்கினால் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு ஈரமாக வழுக்குகிறதா என்று விருந்தாளியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். சோதனைகள் என்னவோ மருத்துவர்கள் அங்கீகரித்தவைதாம். பலகாரத் தட்டைக் கையில் வாங்கிய பிறகு செய்யத் தக்கவையா என்பதில்தான் எனக்குச் சற்று அபிப்பிராய பேதம். ப்ரூனோ இத்தனையையும் ஆட்சேபிக்காமல், தட்டிலிருக்கும் வடையின் மேல் வைத்த கண்ணை வாங்காமல், சகித்துக்கொண்டிருக்கும்.

முன்காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் மணி என்ற நாய் இருந்தது. வாசலிலேயே பிறந்து வாசலிலேயே வளர்ந்த அந்த ஜீவன், மாட்டுக்கு வைத்த கழுநீர்த் தொட்டியிலோ, துவைக்கிற கல்லடியில் தேங்கிய குட்டையிலோ வாய் வைத்துத் தாகசாந்தி செய்துகொள்ளும். குடித்ததா என்று கேட்பாரில்லை. அதற்குக் கிடைத்த பழையதும் மோரும் கலந்த மிச்சத்தில் பெரும்பங்கு ஜலமாகவே இருந்தபடியால் பாதித் தாகம் சாப்பாட்டிலேயே அடங்கிற்று. ப்ரூனோ தின்பதோ கடையில் பையாக விற்கும் உருண்டை. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் ஈரம். ஆகையால் அதன் தகப்பனார் கவலைப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. வியர்ப்பதற்கு உள்ளங்கால் தவிர வேறு இடமில்லாத பிராணி, கத்திரி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாகிப் போவதனால்தான் உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. போன ஈரத்தை ஈடு செய்தாக வேண்டும். இதையெல்லாம் அறிந்தவர் அவர். அறிந்த விஷயத்தை அளவோடு நிறுத்திக்கொள்ளத்தான் அறியாதவர்.

தண்ணீரின் ஜாதி விசாரணை வேறு. நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பும் நிலையம் இந்த ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கையில், இவருடைய தெருவில் குடிக்க வருவது இருபது லிட்டர் கேன். போர் தண்ணீர் உப்பு. லாரித் தண்ணீரில் மருந்து வாசம். ஆகவே ப்ரூனோவுக்கும் கேன்தான். அதையும் ஸ்டீல் கிண்ணத்தில் வைத்தால் கழுத்துப்பட்டையின் வில்லை பட்டு ‘டங்’கென்று சத்தம் கேட்டுக் குழந்தை பயப்படுகிறதென்று மண்சட்டிக்கு மாறி, மண்சட்டி பாசி பிடிக்கிறதென்று பீங்கானுக்கு மாறி, கூடத்தில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, மொட்டைமாடியில் ஒன்று, தெருப்படியில் ஒன்று என்று வைத்திருக்கிறார். ஐஸ் கட்டி போட்டுப் பார்த்தார். மோர் கலந்து பார்த்தார். கோழி எலும்பு வெந்த சாறு சில சொட்டு விட்டால் வாசனைக்குக் குடிக்கும் என்று யாரோ சொல்லவே, தலைமுறை தலைமுறையாகச் சைவமான அந்த வீட்டின் மொட்டைமாடியில் தனி அடுப்பு வைத்து, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது என்பதனால் அவை சேர்க்காமல், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு அதையும் காய்ச்சினார். ப்ரூனோ சாற்றைக் குடித்துவிட்டு, குளியலறைக்குப் போய், பக்கெட்டில் பிடித்து வைத்த உப்புத் தண்ணீரை மேலுக்கு அருந்திற்று.

தருமபுத்திரர் சுவர்க்கம் வரை ஒரு நாயை அழைத்துப் போனார் என்று மகாபாரதம் சொல்கிறது. வழியில் அது தண்ணீர் குடித்ததா என்று அவர் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்ததாகச் செய்தியில்லை. இந்த விஷயத்தில் நம்மவர் தருமபுத்திரரை விஞ்சியவர். கடைசியில் ஒரு நாள் வாடகைக் கார் பிடித்து வேப்பேரிக்கே போய்விட்டார். 1903-ஆம் வருஷம் முதல் கால்நடை மருத்துவம் கற்பித்து வரும் கல்லூரியின் ஆஸ்பத்திரியில், மாடும் கிளியும் காத்திருக்கும் வரிசையில் காத்திருந்து, நோட்டுப்புத்தகத்தைப் பிரித்து டாக்டரம்மாவின் முன் வைத்தார். பேத்தி வயதுள்ள அந்த டாக்டரம்மா புரட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கிலோவுக்கு அம்பது, அறுபது மில்லி கணக்கு வச்சுக்கங்க சார். இவன் முப்பது கிலோ. ஒன்றரை லிட்டர்லேர்ந்து ஒண்ணு புள்ளி எட்டு வரைக்கும் சரிதான். வெயில்ல கொஞ்சம் கூடும். நல்லாத்தான் இருக்கான்” என்றாள். அத்துடன் எழுந்து வந்திருக்கலாம். விதி விடவில்லை; “நெறையக் குடிச்சா நல்லதுதானே டாக்டர்?” என்று கேட்டார். “அப்படியில்ல சார். திடீர்னு ரொம்பக் குடிக்க ஆரம்பிச்சாலும் காட்டணும். சர்க்கரை, கிட்னின்னு ஏதாவது இருக்கலாம்.”

போகும்போது ஒரு பயத்தோடு போன மனிதர் இரண்டு பயத்தோடு திரும்பினார். அன்று முதல் நோட்டில் மேலே ஒரு சிவப்புக் கோடும் கீழே ஒரு சிவப்புக் கோடும் விழுந்தன. ஒன்றரைக்குக் கீழே போனால் வறட்சி. ஒன்று புள்ளி எட்டைத் தாண்டினால் அபாய மட்டம்.

இந்த நிலையில்தான் லாரிச் சம்பவம் நேர்ந்தது. ஏரிப் பக்கம் காற்றாடக் கூட்டிப்போன சாயங்காலம், டீக்கடை எதிரே நின்ற தண்ணீர் லாரியின் பின்புறக் குழாயில் வால்வு சரியாக மூடாமல் ஒரு விரல் கனத்துக்கு நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டில் நாலு கிண்ணத்தையும் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ப்ரூனோ, சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடி, அந்த ஒழுக்கின் அடியில் தலையைச் சாய்த்து நின்று, காதிலும் மூக்கிலும் தெறிக்க, கண்ணை மூடிக்கொண்டு சளப் சளப்பென்று குடித்தது பாருங்கள், அப்படியொரு ஆனந்தத்தை நான் எந்த மனித முகத்திலும் கண்டதில்லை. இவரோ பக்கத்தில் நின்று, “முப்பத்தேழு, முப்பத்தெட்டு” என்று நாக்கடிகளை எண்ணத் தொடங்கிவிட்டார். நூற்றுக்கு மேல் எண்ணிக்கை தப்பியது. “ஒரு நாக்குக்கு எத்தனை மில்லி சார் இருக்கும்?” என்று என்னைக் கேட்டார், நான் தமிழ் படித்தவன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “விடுங்க சார், வாயில்லா ஜீவன், அதுக்குத் தாகம் தெரியாதா?” என்றார். அதற்குள் நம்மவருக்கு வேறு விசாரம் வந்துவிட்டது: லாரியடியில் தேங்கியிருந்த குட்டையில் எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வருமே! தடுப்பூசிச் சீட்டை எடுத்துத் தேதி பார்க்க வீட்டுக்கு ஓடினார். அந்த நாளின் கணக்கில் ‘வரத்து: நிர்ணயிக்க இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

இவ்வளவு அக்கறையுள்ள மனிதர் தாம் எவ்வளவு குடிக்கிறார் என்பதை விசாரிப்பது மரியாதையல்ல. ஆனால் அவருடைய வீட்டம்மாள் விசாரிக்காமலே சொல்லிவிட்டாள். “போன வருஷம் கல்லடைப்புன்னு துடிச்சாருங்க. தினம் மூணு லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டார். காலையில ஒரு காப்பி, சாயங்காலம் ஒரு காப்பி, மாத்திரை முழுங்க ஒரு வாய். அதுக்கு ஒரு நோட்டு போடுங்கன்னா காது கேக்காது.” அவர் அப்போது மொட்டைமாடிக் கிண்ணத்தை அளந்துகொண்டிருந்தார்; உண்மையிலேயே காது கேட்கவில்லை.

அவரைப் பார்க்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெருப்படியின் இடப்பக்கம், செருப்புக் கழற்றும் இடத்துக்குச் சமீபத்தில், பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். பார்த்துக் காலை வைக்கவும். தவறித் தட்டிக் கவிழ்த்துவிட்டால், வெட்கப்படாமல் அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்துவிட்டால் அவ்வளவும் ப்ரூனோ குடித்ததாகக் கணக்கேறி, மேல் சிவப்புக் கோட்டைத் தாண்டி, மறுநாள் விடியற்காலையில் வேப்பேரிக்குக் கார் வரும். துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்.