வல்லைக்கு அங்காலை

நெல்லியடிச் சந்தியில் யாழ்ப்பாணத்துக்கு 750 பஸ் ஏற நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். கனடாவுக்கு வெளிக்கிட்டவர்கூட அவ்வளவு முறுக்காக நிற்கமாட்டார். எல்லாம் இடையிலுள்ள வல்லை வெளியால் வந்த வினை. வல்லைப் பாலம் தாண்டினால் வடமராட்சி முடிந்தது, அங்காலை வலிகாமம். எங்கள் பெரியம்மாவின் கணக்கில் அது வெளிநாடு. கலியாணப் பேச்சு வந்தால் சாதகத்துக்கு முதல் அவர் கேட்பது, "பொடியன் வல்லைக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?" லண்டன் மாப்பிள்ளை என்றால் பிழையில்லை. கோப்பாய்தான் தூரம்.

பாலத்துக்குக் கீழே கிடப்பது ஆறே இல்லை. தொண்டைமானாற்றில் கடலோடு சேரும் நீரேரி. உப்பு ஏற்றிப்போகச் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்பார்கள். கலிங்கத்தை வென்றவனுக்கே எங்கள் உப்பில் கண் என்பதில் எங்களுக்கு ஒரு புளுகம். பிறகு, பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் அதே நீரேரியை நன்னீராக்கத் திட்டம் எழுதினார். ஆனையிறவில் மழைநீரைத் தேக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி இங்கே கொண்டுவருவது. தொண்டைமானாற்றில் கதவு போட்டுக் கடலை மறிப்பது. கதவு வந்தது, வாய்க்கால் முடியவில்லை. வீடு கட்ட முதல் கேற் போடுவது எங்கள் ஊர்ப் பழக்கந்தானே!

வல்லை வெளியில் சைக்கிள் மிதித்தால் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. விஞ்ஞான வாத்தியார் ஒத்துக்கொள்ளமாட்டார். அவரும் அதில் உழக்கித்தான் பள்ளிக்கூடம் வந்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். நடுவெளியில் நின்றுபோனால் அந்த நாலு துளியில் மூன்றைக் காற்றுக் குடித்துவிடும். அப்போது நாத்திகரும் வல்லை முனியப்பரைத்தான் கூப்பிட்டார்கள்.

நாத்திகருக்கு இங்கே பஞ்சமில்லை. 1956இல் கம்யூனிஸ்டான பொன். கந்தையாவைப் பாராளுமன்றம் அனுப்பிய பருத்தித்துறைத் தொகுதிப் பக்கம். பக்கத்துக் கரவெட்டி பேராசிரியர் சிவத்தம்பி பிறந்த ஊர். வர்க்கப் போராட்டம் பேசாமல் தேத்தண்ணி ஆறாது. என்றாலும் முனியப்பர் கோயிலடியில் பஸ் நிற்கும். றைவர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார். யன்னலோரத்துத் தோழரும் உண்டியலுக்கு ஒரு குற்றி நீட்டுவார். "என்னண்ணை, நீங்களுமோ?" என்றால் பதில் தயார்.

"எனக்கு நம்பிக்கை இல்லைத் தம்பி. றைவருக்கு இருக்கு. பஸ் அவற்ரை கையிலை எல்லோ?"