கீறலை விடுங்கள், முட்டியைப் பாருங்கள்

கேள்வி: ஹீமோபிலியா உள்ளவருக்கு விரலில் கீறல் பட்டாலே ரத்தம் நிற்காமல் உயிர் போய்விடுமாமே? (வாசகர், பீடோங்)

சினிமா பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். சின்னக் கீறலை அழுத்திப் பிடித்துப் பிளாஸ்டர் ஒட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். வில்லன், வெளியே சொட்டாத ரத்தம்தான். முட்டி, முழங்கை, கணுக்கால் இந்த மூன்றுக்குள்ளும் கசிந்துகொண்டிருக்கும். தரையில் ஒரு துளிகூட இருக்காது.

கேள்வி: எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு பெரியவர். சின்ன வயதிலிருந்தே கால் மடங்கியே இருக்கிறது. பெரிதாக அடிபட்டதே இல்லை என்கிறார்கள். ஹீமோபிலியா காலை மடக்குமா? (வாசகர், கோலக்கெட்டில்)

அவருக்கு என்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மடக்கும், ஐயா. உறைய வைக்கும் காரணி எட்டோ ஒன்பதோ ரத்தத்தில் இயல்பான அளவின் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் கடுமையான வகை. அடியே படாமல்கூட மூட்டுக்குள் ரத்தம் கசியும். குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கும் வயதிலேயே ஆரம்பித்துவிடலாம். கசிந்த ரத்தத்தில் உள்ள இரும்பை மூட்டின் உள்சவ்வு உறிஞ்சித் தடித்துப்போகும். அதில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை இன்னும் எளிதாக உடையும். அதனால்தான் ஒரே முட்டி திரும்பத் திரும்ப வீங்குகிறது. கடைசியில் குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. பால்வெட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒன்று தெரியும்: ரப்பர் மரத்தில் சீவிய பட்டை சில வருடங்களில் திரும்ப வளரும். குருத்தெலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வலிக்குப் பயந்து காலை மடக்கியே வைத்திருப்பார்கள். தசையும் குறுகி, கால் அப்படியே நின்றுவிடும். ஊர் அதற்கு வைக்கும் பெயர் ‘நொண்டி’. நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது பலருக்கு நாற்பது வயதில்தான் தெரிய வந்தது.

கேள்வி: ஹீமோபிலியா உள்ள மகனுக்கு முட்டி வீங்கினால் என் மாமியார் எண்ணெய் போட்டு உருவி விடுகிறார். தடுத்தால் கோபம் வருகிறது. (தாய், பாடாங் செராய்)

கோபம் இரண்டு நாளில் தணியும், முட்டி தணியாது. உருவுவது, சின்சே என்னும் சீன வைத்தியரிடம் இழுத்து விடுவது எல்லாமே கசிவைக் கூட்டும். வீக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். “உள்ளே குறுகுறுக்குது” என்று பையன் சொன்னாலே காரணி ஊசி போட வேண்டிய நேரம் அது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை அசைக்காதீர்கள். வலிக்குப் பனடோல் போதும். ஆஸ்பிரினும் பொன்ஸ்தானும் அலமாரியிலேயே இருக்கக் கூடாது. மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: ஐஸ் கட்டிப் பொறுப்பு.

கேள்வி: ரத்தம் கசிந்த பிறகு ஊசி போட்டால் ஆகாதா? வாராவாரம் எதற்கு? (வாசகர், கூலிம்)

சுவீடனின் மால்மோ நகரில் இங்கா மரீ நில்சன் என்ற மருத்துவர் 1958-லேயே முன்கூட்டி ஊசி போடத் தொடங்கிவிட்டார். 2007-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், முன்கூட்டியே ஊசி பெற்ற பையன்களில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டுகள் சரியாக இருந்தன. கசிந்த பிறகு பெற்றவர்களில் 55 சதவீதம்தான். எட்டாம் காரணி உடம்பில் அரை நாளுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் வாரம் மூன்று தடவை. இப்போது எமிசிசுமாப் என்ற மருந்தும் வந்துவிட்டது. நரம்பைத் தேட வேண்டாம், தோலுக்கடியில் போடலாம். மாதம் ஒரு முறைகூட. யாருக்கு எது என்பதை நிபுணர் சொல்லட்டும்.

கேள்வி: இது மருமகள் கொண்டு வந்த நோய்தானே? (பெயர் வேண்டாம், லூனாஸ்)

பெயர் வேண்டாம் என்றதிலேயே நீங்கள் மாமியார் என்று தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றத்தால் வருகிறது. மீதிப் பேருக்குத் தாயின் எக்ஸ் நிறப்புரி வழியாக வருகிறது என்பது உண்மை, குற்றம் அல்ல. உங்கள் மகனுக்கு எக்ஸ் நிறப்புரியைக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லையே!

கேள்வி: ராஜ குடும்பத்து நோய் என்கிறார்களே, தோட்டத்துக்கு எப்படி வந்தது? (வாசகர், பாலிங்)

ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்று, எந்த இனமானாலும். விக்டோரியா ராணியின் மகன் லியோபோல்ட் 1884-இல் வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டு, அடுத்த நாள் இறந்தார். ரஷ்ய இளவரசர் அலெக்சேய்க்கு நடக்க முடியாத நாட்களில் தூக்கிச் செல்ல மாலுமிகள் இருந்தார்கள், ஊசிதான் இல்லை.

கேள்வி: ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தால் மகனுக்கு வேலை கிடைக்காதே? (தந்தை, சுங்கை பட்டாணி)

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. மூட்டு எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சான்றளிக்க, சமூக நலத்துறையில் பதியலாம். அரசுத் துறையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு சதவீத வேலை என்ற கொள்கையும் உண்டு. நோயை மறைத்துக் கிடங்கில் மூட்டை தூக்கப் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: முழுதாகக் குணமாகவே ஆகாதா? (வாசகி, அலோர்ஸ்டார்)

வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், கடுமையான ஏ வகை (எட்டாம் காரணிக் குறைவு) உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த ரத்தத் தண்டணுக்களிலேயே எட்டாம் காரணிக்கான மரபணுவை ஏற்றி, முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். நல்ல செய்தி, ஐந்து பேர் அளவுக்கு. தேய்ந்த முட்டியை அது திருப்பித் தராது; அதற்குச் செயற்கை மூட்டு உண்டு. காரணியைப் போதிய அளவு ஏற்றிக்கொண்டு, ரத்தவியல் நிபுணரும் எலும்பு நிபுணரும் சேர்ந்து செய்வது. நாள் குறிக்கும் முன் இருவரையும் ஒரே அறையில் பார்த்துவிடுங்கள்.