மதிப்புக்குரிய பேரிங்

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. சாய்ந்த மரங்களை விழுந்த இடத்திலேயே பலகையாக்க, நாடா ரம்பம் பூட்டிய நடமாடும் அறுவை இயந்திரம் போல வசதி வேறில்லை. மரம் மில்லுக்குப் போக வேண்டாம். மில்லே மரத்தடிக்கு வரும்.

வந்த இடத்தில் ரம்பத்தைத் தாங்கும் உருளையின் பேரிங் உடையும்.

இங்கேதான் விவரமில்லாதவர்கள் அவசரப்படுகிறார்கள். பேரிங்கின் விளிம்பில் 6203 மாதிரி ஓர் எண் பொறித்திருக்கும். உலகம் முழுக்க அந்த எண்ணுக்கு ஒரே அளவுதான்: உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. செங்கல்பட்டில் பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்து நீட்டிவிடுவார்கள். இதில் என்ன கௌரவம் இருக்கிறது?

முறை தெரிந்தவர் எண்ணைப் படிக்கவே மாட்டார். உருளையை முழுசாகக் கடல்கடந்து வரவழைப்பார். அதுவரை மரம் கரையானோடு பழகட்டும். மாமல்லபுரத்துச் சிற்பிகளோ உளி மழுங்கினால் உலையில் காய்ச்சித் தட்டி, மறுபடி கல்லில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நாடு எப்படி உருப்படும்? பல்லவர் ரதங்கள் பாதியில் நிற்பதுகூட ஒரிஜினல் ஸ்பேர் வராததால்தானோ என்னவோ.

ஒருவழியாகப் பெட்டி வந்து சேரும். பிரித்தால், புது உருளைக்குள்ளும் 6203.

மனம் தளர வேண்டாம். புயலடித்த அதே மாதம் 24-ஆம் தேதி மத்திய அரசு பழுதுபார்ப்பு உரிமைக்கென்றே இணையதளம் திறந்தது. வேளாண் கருவிகள், கைபேசி முதலான மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு அதில் தனி இடமில்லை.